நிலநடுக்கத்தைத் திரையில் காட்டும் மென்பொருள்: வேலைப் பயிற்சி மாணவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

மே மாதம் பல்கலைக்கழக விடுமுறை தொடங்கியதும் எங்கள் ஆய்வுக் குழுவுக்கு நான்கைந்து மாணவர்கள் வேலைப் பயிற்சிக்கு வருவார்கள். பெரும்பாலும் கணினித் துறையினர். நிலவியல் படித்தவர் ஒருவர் இருந்தாலே அதிகம். முதல் வாரத்திலேயே முப்பரிமாண உலக உருண்டை ஒன்று திரையில் சுழலத் தொடங்கிவிடும். மூன்றாம் வாரம் சுமத்ராவின் நிலநடுக்கங்கள் எல்லாம் கடலுக்கு மேலே ஆகாயத்தில் மிதந்துகொண்டிருக்கும். ஆறாம் வாரம் எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து எழுதுவார்கள்.

அந்த ஆறு வாரத்தை மிச்சப்படுத்தத்தான் இதை எழுதுகிறேன். பத்து வாரப் பயிற்சியை மனத்தில் வைத்துப் படிகளை வரிசைப்படுத்தியிருக்கிறேன். இருபது வாரம் கிடைத்தவர்கள் 6ஆம், 8ஆம் படிகளை நீட்டிக்கொள்ளலாம். வரிசையை மட்டும் மாற்றாதீர்கள்.

1. விண்ணப்பிக்கும் முன்பு கையில் இருக்க வேண்டியவை

நிலவியல் தெரிந்திருக்க வேண்டியதில்லை. பைத்தானில் ஒரு கோப்பைத் திறந்து, வடிகட்டி, வரைபடமாக்கத் தெரிந்தால் போதும். நிரலின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் (Git) பழக்கம் கட்டாயம். பள்ளியில் படித்த சைன், கொசைன், மடக்கை மூன்றையும் ஒரு மாலை உட்கார்ந்து தூசு தட்டிவிடுங்கள், மூன்றுமே தேவைப்படும்.

சிங்கப்பூரில் இந்த வேலைக்கு நேரடியாகப் பொருந்தும் இடம், நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் இயங்கும் எர்த் அப்சர்வேட்டரி ஆஃப் சிங்கப்பூர் என்ற ஆய்வு நிறுவனம். அது மட்டும்தான் வழி என்று நினைக்க வேண்டாம். பேரிடர் இழப்பைக் கணக்கிடும் மறுகாப்பீட்டு நிறுவனங்கள் இங்கே நிறைய இருக்கின்றன. வரைகலை ஆய்வகங்களும் உண்டு. வெளிநாட்டு மாணவராக இருந்தால், பயிற்சி வேலைக்கு உங்கள் மாணவர் அனுமதி அட்டை போதுமா என்று கல்வி நிலையத்திடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள். பயிற்சியிடம் உறுதியான பிறகு அந்தக் கேள்வியைக் கேட்டுத் தவித்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

விண்ணப்பத்தோடு ஒரே ஒரு படம் அனுப்புங்கள். 2004ஆம் ஆண்டிலிருந்து சுமத்ரா கடலோரத்தில் ஏற்பட்ட, ரிக்டர் என்று நாம் பழக்கத்தில் சொல்லும் அளவில் 6க்கு மேற்பட்ட நிலநடுக்கங்களின் வரைபடம் போதும். பத்துச் சான்றிதழ்களைவிட அந்த ஒரு படத்தைத்தான் நான் பார்ப்பேன். அளவுகோலும் தேதியும் இருக்கின்றனவா என்பதைத்தான் முதலில் தேடுவேன்.

2. முதல் வாரம்: கேள்வியை எழுதி வாங்குங்கள்

"நிலநடுக்கங்களைக் காட்டும் மென்பொருள்" என்பது ஒரு வேலை ஆகாது. யார் பார்க்கப்போகிறார், பார்த்துவிட்டு எதைத் தீர்மானிக்கப்போகிறார் என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதி, மேற்பார்வையாளரிடம் ஒப்புதல் வாங்குங்கள். "அதிர்வுகள் கடலுக்கடியில் இறங்கும் புவித்தட்டின் மேற்பரப்பில் நிகழ்கின்றனவா, உள்ளேயா என்று ஆய்வாளர் பிரித்துப் பார்க்க வேண்டும்" என்பது நல்ல வாக்கியம். "பொதுமக்களுக்கு விழிப்புணர்வு" என்பது நல்ல எண்ணம், அவ்வளவுதான்.

இதை வலியுறுத்தக் காரணம் இருக்கிறது. ஆய்வாளருக்குச் சுழற்றவும் வெட்டிப் பார்க்கவும் வேண்டும். கண்காட்சிக்கு வரும் தொடக்கப்பள்ளிப் பிள்ளைக்கு ஒரு பொத்தான் போதும். இரண்டையும் ஒரே மென்பொருளில் அடைத்தால் இருவருக்குமே அது உதவாது. கலிபோர்னியாவில் இளநிலை மாணவர்களே கோடைப் பயிற்சிகளில் வளர்த்தெடுத்த எஸ்செக்-விடிஓ என்ற மென்பொருள் இருக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் புதிய மாணவர் குழு, முந்தைய குழு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. வேலைக்கு எல்லை வகுத்தால்தான் அப்படித் தொடர முடியும்.

3. தரவை அட்டவணையாகவே படியுங்கள்

இரண்டாம் வாரம் முழுவதும் இதற்கு. படம் எதுவும் வரையக் கூடாது என்று நான் தடையே போடுவேன், மாணவர்கள் முணுமுணுப்பார்கள்.

அமெரிக்க நிலவியல் ஆய்வுத்துறையின் நிலநடுக்கப் பட்டியல் இணையத்தில் இலவசம். அட்சரேகை, தீர்க்கரேகை, தேதி, குறைந்தபட்ச அளவு ஆகியவற்றைக் கொடுத்தால் சிஎஸ்வி (அட்டவணை) அல்லது ஜியோஜேசன் (இடத் தரவு) கோப்பாகத் தரும். ஒரு கேள்விக்கு 20,000 நிகழ்வுகளுக்கு மேல் தராது, பிழைச் செய்திதான் வரும். ஆகவே ஆண்டுவாரியாகப் பிரித்து இறக்குங்கள். இறக்கிய கோப்பின் பெயரிலேயே இறக்கிய தேதியைச் சேருங்கள். பட்டியல் திருத்தப்பட்டுக்கொண்டே இருக்கும்: 2004 டிசம்பர் 26 நிலநடுக்கத்துக்குப் பசிபிக் சுனாமி எச்சரிக்கை மையம் வெளியிட்ட முதல் அறிவிப்பு 8.0 என்றது; இன்று பட்டியலில் 9.1 என்று இருக்கிறது.

அலைவடிவங்களும் வேண்டுமென்றால் ஒப்ஸ்பை என்ற பைத்தான் நூலகம் போதும். சிங்கப்பூரின் புக்கிட் தீமா டெய்ரி ஃபார்மில் உள்ள நிலநடுக்கப் பதிவு நிலையத்தின் பதிவுகளே உலக வலையமைப்பில் கிடைக்கின்றன. நம் காலடியில் பதிவான அதிர்வைப் பார்க்கும்போது மாணவர்களுக்கு வரும் ஆர்வம் தனி.

கோப்பு கிடைத்ததும் மூன்று நெடுவரிசைகளைக் கண்ணால் படியுங்கள்.

முதலாவது, ஆழம். 10 கி.மீ., 33 கி.மீ. என்ற இரண்டு எண்கள் சந்தேகப்படும்படி அதிகமாக வரும். ஆழத்தைச் சரியாகக் கணிக்க முடியாதபோது கணக்கிடுபவர் பொருத்தி வைக்கும் எண்கள் அவை. இதை அறியாமல் முப்பரிமாணத்தில் வரைந்தால் கத்தியால் சீவியதுபோல் இரண்டு தட்டையான அடுக்குகள் தெரியும். ஒரு மாணவி அதைப் "புதிய நிலவியல் அடுக்கு" என்று தலைப்பிட்டுக் கூட்டத்தில் காட்டினார். அறையில் இருந்த நிலவியலாளர்கள் சிரிக்கவில்லை. அவர்களும் முதலாண்டில் அதே தவற்றைச் செய்தவர்கள்தாம்.

இரண்டாவது, அளவின் வகை. ஒரே நெடுவரிசையில் உந்தத்திறன் அளவும் (பிளவின் மொத்த அளவைக் கொண்டு கணிப்பது), உடல் அலை அளவும் (பூமிக்குள் ஊடுருவி வரும் அலைகளைக் கொண்டு கணிப்பது) கலந்திருக்கும். உடல் அலை அளவு பெரிய நிலநடுக்கங்களில் ஒரு கட்டத்துக்கு மேல் ஏறவே ஏறாது. வகையைப் பார்க்காமல் ஒப்பிட்டால் பெரியது சிறியதாகத் தெரியும்.

மூன்றாவது, காலப்போக்கில் எண்ணிக்கை. 1960களில் நிலையங்கள் குறைவு. சிறிய அதிர்வுகள் பதிவாகவில்லை. எல்லாவற்றையும் அப்படியே ஓடவிட்டால் பூமி ஆண்டுக்கு ஆண்டு அதிகமாக ஆடுவதுபோல் தோன்றும். அதிகமானது நிலநடுக்கம் அன்று, கருவிகள். நீண்ட காலத்தைக் காட்டுவதென்றால் குறைந்தபட்ச அளவை உயர்த்தி, எல்லா ஆண்டுகளிலும் முழுமையாகப் பதிவானவற்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

4. நேரத்தைச் சரிசெய்யுங்கள்

இதற்குத் தனிப் படி எதற்கு என்று கேட்பீர்கள். ஒரு கண்காட்சியில் எங்கள் மாணவர் ஒருவர் சுமத்ராவுக்கு மேற்கே உள்ள நியாஸ் தீவின் 2005ஆம் ஆண்டு நிலநடுக்கத்தை விளக்கிக்கொண்டிருந்தார். அளவு 8.6, திரையில் "2005 மார்ச் 28". பார்க்க வந்திருந்த அம்மா ஒருவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு திரையை உற்றுப் பார்த்தார்.

"தம்பி, தேதி தப்பு. அப்போது நாங்கள் தோ பாயோவில் பதினாறாம் மாடியில் இருந்தோம். மணி பன்னிரண்டு தாண்டிவிட்டது. பிள்ளைகளை எழுப்பிக்கொண்டு கீழ்த்தளத்துக்கு இறங்கி நின்றோம். அது 29."

"இல்லை ஆண்ட்டி, தரவில் 28 என்றுதான் இருக்கிறது."

இருவர் சொன்னதும் சரி. ஒருங்கிணைந்த உலக நேரப்படி அது மார்ச் 28, 16:09. நியாஸ் தீவில் அதே நாள் இரவு 11:09. சிங்கப்பூரில் மார்ச் 29, நள்ளிரவு தாண்டி 9 நிமிடம். திரையில் எந்த நேரம் என்று எழுதாததுதான் பிழை.

விதி எளியது: உள்ளே எல்லாவற்றையும் உலக நேரத்தில் வையுங்கள், திரையில் காட்டும்போது மட்டும் மாற்றுங்கள், எந்த ஊர் நேரம் என்று பக்கத்திலேயே எழுதுங்கள். ஜியோஜேசன் கோப்பில் நேரம் 1970 ஜனவரி 1 முதல் கடந்த மில்லி விநாடிகளாக இருக்கும். விநாடி என்று எண்ணி மாற்றினால் ஆண்டு பல்லாயிரக்கணக்கில் போய் நிற்கும். அதையாவது உடனே கண்டுபிடித்துவிடலாம்.

எட்டு மணி நேரத்தை நிரலில் நேரடியாகக் கூட்டிவிடாதீர்கள். 1981 முடியும்வரை சிங்கப்பூர் நேரம் உலக நேரத்தைவிட ஏழரை மணி நேரம்தான் முன்னே இருந்தது. பழைய நிகழ்வுகளில் அரை மணி பிசகும். நேரமண்டலப் பட்டியலுள்ள நூலகத்தைப் பயன்படுத்தினால் அது தானே பார்த்துக்கொள்ளும்.

5. தட்டையான வரைபடம்

மூன்றாம் வாரம் இப்போதுதான் தொடங்குகிறது. பைஜிஎம்டி என்ற வரைபட நூலகம் கொண்டு மேலிருந்து பார்க்கும் ஒரு வரைபடமும், தட்டின் குறுக்கே வெட்டிய ஒரு குறுக்குவெட்டுப் படமும் வரையுங்கள். கடலடித் தரைக்கு ஜெப்கோ என்ற உலகக் கடலடி ஆழத் தரவு போதும். பிறகு முப்பரிமாணத்தில் எது தவறாகப் போனாலும் இந்த இரண்டு படங்களோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். இவை இல்லாவிட்டால் எது சரி என்றே தெரியாது.

இங்கே ஒரு பொறி. சிங்கப்பூரும் சுமத்ராவும் நிலநடுக்கோட்டை ஒட்டியே இருப்பதால், ஒரு பாகை தீர்க்கரேகையும் ஒரு பாகை அட்சரேகையும் ஏறத்தாழ 111 கி.மீ. தான். தீர்க்கரேகைத் தொலைவை அட்சரேகையின் கொசைனால் பெருக்க மறந்த நிரலும் அழகாக ஓடும். அதே நிரலை ஜப்பானுக்கு எடுத்துப் போனால், 36 பாகையில் ஒரு தீர்க்கரேகைப் பாகை 90 கி.மீ.க்குச் சுருங்கியிருக்கும், படம் பக்கவாட்டில் இழுபட்டுவிடும். ஆகவே சோதனைக்கு எப்போதும் தொலைவில் உள்ள இன்னோர் ஊரையும் வைத்துக்கொள்ளுங்கள்.

6. ஆழத்தைச் சேருங்கள்

மாணவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இதுதான். மூன்று வாரம் ஒதுக்குங்கள்.

ஆகாயத்தில் மிதக்கும் நிலநடுக்கங்களின் கதை இது: ஜியோஜேசன் வரையறைப்படி ஓர் இடத்தைக் குறிக்கும் மூன்றாவது எண், மீட்டரில், உயரம். அமெரிக்கப் பட்டியலோ அதே இடத்தில் கிலோமீட்டரில், கீழ்நோக்கிய ஆழத்தை வைக்கிறது. பொதுவான வரைபட மென்பொருள் 30 கி.மீ. ஆழத்தை 30 மீட்டர் உயரம் என்று படித்துக்கொள்ளும். குறியையும் அலகையும் நீங்களே மாற்ற வேண்டும். தட்டின் வடிவத்துக்கு ஸ்லேப்2 என்ற மாதிரியைச் சேர்த்தால் அதில் ஆழம் எதிர்மறை எண்ணாக இருக்கும். ஒன்று மேலே, ஒன்று கீழே. எந்தக் கோப்பைத் திறந்தாலும் முதல் வேலையாக, மூன்றாவது அச்சு மேல்நோக்கி, அலகு கி.மீ. என்று ஒரே விதிக்குக் கொண்டுவாருங்கள். அந்த மாற்றம் நிரலில் ஒரே ஒரு இடத்தில்தான் நடக்க வேண்டும். இரண்டு இடத்தில் செய்த மாணவருக்கு மீண்டும் ஆகாயம்தான்.

அடுத்தது நடுக்கம், பூமியுடையது அன்று, திரையுடையது. வரைகலை அட்டைகள் பொதுவாக 32 பிட் எண்களில் கணக்கிடும். பூமியின் மையத்திலிருந்து மீட்டரில் அளந்தால் எண் 63 லட்சத்தைத் தாண்டும். அந்த அளவில் 32 பிட் எண் அரை மீட்டருக்குக் குறைந்த வித்தியாசத்தை அறியாது. நெருங்கிப் பார்க்கும்போது கோடுகள் துடிக்கும். நிலநடுக்க மையத்துக்கு அரை மீட்டர் பொருட்டே இல்லை. ஆனால் சுமத்ராவின் ஜிபிஎஸ் நிலையங்கள் காட்டும் சென்டிமீட்டர் நகர்வைச் சேர்த்தால் அது முழுதாக மறைந்துபோகும். பார்க்கும் பகுதியின் நடுவில் ஒரு புள்ளியை மூலமாக வைத்து, எல்லா ஆயங்களிலிருந்தும் அதைக் கழித்துவிட்டுப் பிறகு வரைகலை அட்டைக்கு அனுப்புங்கள். கழிப்பதை 64 பிட்டில் செய்யுங்கள்.

மூன்றாவது, செங்குத்து மிகைப்படுத்தல். ஆயிரம் கிலோமீட்டர் அகலத்தில் 50 கி.மீ. ஆழம் மெல்லிய கோடாகத்தான் தெரியும். அதனால் ஆழத்தை மூன்று மடங்கு இழுத்து வரைவார்கள். 12 பாகை சாய்ந்து இறங்கும் தட்டு அப்போது 32 பாகைக்கு மேல் சாய்ந்ததாகத் தெரியும். சாய்வைப் படித்து முடிவெடுக்கும் ஆய்வாளருக்கு அது வேறொரு தட்டு. இழுக்கலாம், தவறில்லை. எத்தனை மடங்கு என்பது திரையில் எப்போதும் தெரிய வேண்டும். ஒரே தட்டலில் உண்மையான விகிதத்துக்குத் திரும்பவும் முடிய வேண்டும்.

எந்தக் கருவி என்று கேட்பவர்களுக்கு: ஆய்வாளருக்கு என்றால் பேராவியூ அல்லது விடிகே, உலாவியில் ஓட வேண்டுமென்றால் சீசியம் அல்லது த்ரீ ஜேஎஸ். இதில் ஒரு வாரத்தைத் தொலைக்காதீர்கள். குழுவில் யாருக்கு எது தெரியுமோ அதுவே சிறந்தது.

7. அளவும் நிறமும்

அளவு ஓர் எண் கூடினால் வெளிப்படும் ஆற்றல் ஏறத்தாழ 32 மடங்கு. ஆற்றலுக்கேற்பக் கோளத்தை வரைந்தால் 9.1க்கும் 4.5க்கும் இடையே 8 மில்லியன் மடங்கு வித்தியாசம் வரும், சின்னதெல்லாம் தூசு. அளவு எண்ணுக்கு நேர்விகிதமாக வரைந்தாலோ 9.1 என்பது 4.5இன் இரண்டு மடங்குபோல் ஏமாற்றும். இடைப்பட்ட ஒரு வளைவை நீங்களே தேர்ந்து, படத்தின் ஓரத்தில் மாதிரி வட்டங்களோடு காட்டுங்கள். சரியான விடை என்று ஒன்று இதில் இல்லை. எதைத் தேர்ந்தீர்கள் என்பதைச் சொல்லாமல் விடுவதுதான் தவறு.

இன்னொன்று: 2004 நிலநடுக்கத்தை ஒரே புள்ளியாக வைத்துவிடாதீர்கள். பிளவு ஏறத்தாழ 1,300 கி.மீ. நீளத்துக்கு அந்தமான் வரை ஓடியது. சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் இடையே உள்ள தொலைவைப்போல் நான்கு மடங்கு. புள்ளி என்பது உடையத் தொடங்கிய இடம் மட்டுமே.

நிறத்துக்கு வானவில் வரிசை வேண்டாம். மஞ்சளும் பச்சையும் சந்திக்கும் இடத்தில் தரவில் இல்லாத எல்லைக்கோடு ஒன்று கண்ணுக்குத் தெரியும். சிவப்பு, பச்சை வேறுபாடு தெரியாதவர்களும் பார்ப்பார்கள். விரிடிஸ் அல்லது பேட்லோ என்ற நிற வரிசையை எடுத்துக்கொள்ளுங்கள்.

8. அசையவிடுங்கள்

ஒரு நாளுக்கு ஒரு விநாடி என்று சீராக ஓடவிட்டால், பெரிய நிலநடுக்கத்துக்குப் பின் இரண்டு விநாடி பட்டாசுபோல் வெடிக்கும். அப்புறம் நிமிடக்கணக்கில் அங்கொன்று இங்கொன்று. பின்னதிர்வுகள் காலம் செல்லச் செல்ல வேகமாகக் குறைவதால்தான் இப்படி. முதல் மணி, முதல் நாள், முதல் மாதம் என்று காலத்தை மடக்கையாக நீட்டினால் குறைந்து வரும் விதமே கண்ணுக்குப் புலப்படும். ஓடும் கடிகாரம் திரையில் இருக்கட்டும். பழைய புள்ளிகளை அழிக்காதீர்கள், சாம்பல் நிறத்துக்கு மங்கவிடுங்கள்.

அலை பரவுவதைக் காட்டுபவர்கள் நியாஸ் நிலநடுக்கத்தைக் கொண்டு சோதியுங்கள். சிங்கப்பூரிலிருந்து ஏறத்தாழ 750 கி.மீ. மேற்பரப்பு அலை விநாடிக்கு மூன்றரை கி.மீ. போகும் என்று வைத்துக்கொண்டால் இங்கே வந்து சேர மூன்றரை நிமிடம். உங்கள் படத்தில் நியாஸும் சிங்கப்பூரும் ஒரே நொடியில் ஆடினால் நிரலில் பிழை. உயரமான கட்டடங்களும் மென்மையான களிமண் தரையும் சேர்ந்த இடங்களில்தான் மெதுவாக ஆட்டும் அலைகள் அதிகம் உணரப்படுகின்றன. ஆகவே தீவு முழுவதையும் ஒரே நிறத்தில் ஆட்டுவதும் பொய்யே.

9. மூன்று பேரிடம் காட்டுங்கள்

ஒரு நிலநடுக்கவியலாளர், ஒரு சக மாணவர், துறைக்கு வெளியே ஒருவர். விளக்கம் எதுவும் சொல்லாமல் சுட்டியைக் கையில் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். முதல் இரண்டு நிமிடத்தில் அவர்கள் எங்கே தட்டுகிறார்கள் என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். மூன்றாமவர் உங்கள் பாட்டியாக இருந்தால் நல்லது. தமிழில் அவரிடம் விளக்க முடியாத பொத்தான் தேவையில்லாத பொத்தான்.

10. கடைசி இரண்டு வாரம்: ஒப்படைத்தல்

புதிய வசதி எதையும் சேர்க்கக் கூடாது. கடைசி வெள்ளிவரை நிரல் எழுதிவிட்டுப் போன மாணவர்களின் மென்பொருள் ஒன்றுகூட அடுத்த குழுவின் கையில் ஓடியதில்லை.

தேதியிட்ட தரவு நகல், நூலகங்களின் பதிப்பு எண்கள், நிறுவும் முறை, தெரிந்த பிழைகள் எல்லாம் ஒரே களஞ்சியத்தில் இருக்கட்டும். பின்னணி வரைபடத்தை இணையத்திலிருந்து இழுப்பதானால், இணையம் இல்லாமலும் ஓட ஒரு நகல் வையுங்கள். கண்காட்சிக் கூடங்களில் வைஃபை எந்த நேரம் போகும் என்று சொல்ல முடியாது. தரவு தந்தவர்களின் பெயர் திரையின் மூலையில் இருக்க வேண்டும்.

கடைசிப் புதன்கிழமை, இந்த மென்பொருளைப் பார்த்தே இராத ஒருவரிடம் வெறும் கணினியையும் உங்கள் குறிப்பையும் கொடுங்கள். நீங்கள் வேறு அறையில் இருக்க வேண்டும். அவர் தானே நிறுவி, நியாஸ் நிலநடுக்கத்தைத் தேடி எடுத்து, சிங்கப்பூர் நேரம் மார்ச் 29, 00:09 என்று படித்துக் காட்ட வேண்டும். எங்கே தடுமாறினார் என்று கேட்டுக் குறிப்பைத் திருத்துங்கள். வியாழன் அன்று வேறொருவரை வைத்து மறுபடியும் செய்துவிட்டு, வெள்ளி அன்று நுழைவு அட்டையைத் திருப்பிக் கொடுக்கலாம்.